கொண்டையன் தலையாட்டிய விதம்

மழை பிடித்த நான்காம் நாள் காலையில், பழையபாத்திக் காலனியின் கடைசி வீட்டில், சந்தனமாரி வளர்த்துவந்த கொண்டையன் என்கிற பறவை அவளுடைய உள்ளங்கையில் ஒரு படி கம்பைக் கக்கியது.

கொண்டையன் ஒரு கைக்குள் அடங்கிவிடும். சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் தலை, இரண்டு கன்னத்திலும் விரலால் தொட்டு வைத்தது போல ஆரஞ்சுப் பொட்டு, நினைத்தால் எழும்பி நினைத்தால் படுத்துக்கொள்ளும் ஒரு கொண்டை. காக்டெயில் என்று கடைக்காரர்கள் சொல்லும் சின்னக் கிளி வகை. தராசில் வைத்தால் இரண்டு கோழிமுட்டை எடைகூட வராது. அப்படிப்பட்ட பறவை அன்று காலையில் அவளுடைய சுண்டுவிரலில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, தலையை மேலும் கீழுமாக ஆட்டி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நாலு கம்பு மணியை அவள் கையில் வைத்தது. அது எப்போதும் செய்வதுதான். அவளைத் தன் ஜோடி என்று நினைத்துக்கொண்டு, தான் தின்றதைத் தீனிப்பையிலிருந்து மேலே கொண்டுவந்து அவளுக்கு ஊட்டப் பார்க்கும். ஆனால் அன்று அது நிறுத்தவில்லை. ஆட்டியது, நீட்டியது, வைத்தது. ஆட்டியது, நீட்டியது, வைத்தது. கை நிறைந்து, கைக்குக் கீழே ஏந்திய கிண்ணம் நிறைந்து, கிண்ணத்தைக் கவிழ்த்த சருவச்சட்டியில் ஒரு படி சேர்ந்த பிறகுதான் இறகைச் சிலிர்த்துவிட்டுக் கூண்டுக்குள் போய் ஊஞ்சலில் ஏறிக்கொண்டது.

கம்பு சுத்தமாக இருந்தது. லேசாக ஈரமாகவும், வெதுவெதுப்பாகவும் இருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து சந்தனமாரியின் அடுப்பு எரியவில்லை என்பதால், அவள் அதைக் கழுவிக் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு, மிச்சக் கம்பைப் பக்கத்து வீட்டு ஞானசுந்தரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஏது மாரி?"

"கொண்டையன் குடுத்தான் மைனி."

ஞானசுந்தரி கம்பை முறத்தில் கொட்டிக் கல் இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தாள். இல்லை. "நாளைக்கும் குடுப்பானா?" என்று கேட்டாள்.

பழையபாத்தி உப்பளத்துக் காலனி. நாற்பத்திரண்டு வீடு. ஐப்பசியில் மழை விழுந்தால் பாத்தியில் உப்பு கரைந்துவிடும். உப்பு கரைந்தால் வேலையும் கரைந்துவிடும். தை பிறந்து வெயில் ஏறி, வரப்பு காய்ந்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வரைக்கும் யாருக்கும் கூலி கிடையாது. அந்த வருஷம் மழை பத்து நாள் முந்திக்கொண்டது. அதனால் கொண்டையன் கம்பு கொடுத்த செய்தி காலனிக்குள் பரவியபோது யாரும் அது எப்படி என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

காலையில் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் என்று தெரிந்தது. கொண்டையனுக்குப் பிடிக்காத சத்தம் எவர்சில்வர் பாத்திரத்தின் சத்தம் என்றும் தெரிந்தது. அதனால் எல்லோரும் பிளாஸ்டிக் வாளியும் ஓலைப்பெட்டியும் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு கை, கை கழுவிவிட்டு வரவேண்டும், பீடி குடித்த வாயோடு கிட்டே போகக்கூடாது என்று சட்டம் ஆனது. கையை நீட்டினால் கொண்டையன் அந்த ஆளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கும், பிறகு தலையாட்டத் தொடங்கும், அப்புறம் அந்த வீட்டுக்கு எது வேண்டுமோ அது வரும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கேழ்வரகு வந்தது, பல் இல்லாத சவரியப்பருக்கு உடைத்த தினை வந்தது, சர்க்கரை வியாதிக்காரருக்குக் குதிரைவாலி வந்தது, புருஷனோடு சண்டை போட்டுத் தனியே சமைத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு மட்டும் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தது, கடைசியில் அவள் கோபத்தை விட்டு அவனைச் சாப்பிடக் கூப்பிடவேண்டியதாயிற்று. கோயில் பூசாரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இது சாமி காரியம் என்று சொல்லாமல், தனக்கும் ஒரு கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் அடுத்தபடியாகக் கொண்டையனின் பெயரும் சேர்ந்தது.

காலனியில் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்கிறவர் தவசிக்கனி. உப்பு வாருகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவர், ஐம்பத்தைந்து வயது, ஒரு கண்ணில் உப்புக் காற்று அடித்துப் பூ விழுந்தவர். வரிசையை ஒழுங்கு செய்தது அவர்தான். வரமுடியாதவர்களுக்குப் பங்கு போய்ச் சேர்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்ததும் அவர்தான். தன் கையை எல்லோருக்கும் கடைசியில்தான் நீட்டுவார். கொண்டையன் அவருக்குத் தலையாட்டும்போது மட்டும் அவருடைய நல்ல கண்ணில் தண்ணீர் வந்து நிற்கும். அதைத் துடைக்கமாட்டார், துடைத்தால் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று.

மழையின் பதினைந்தாம் நாள் அவர் டவுனுக்குப் போய் ஒரு புதுக் கூண்டு கொண்டுவந்தார். பழைய கூண்டு மூங்கில், கதவு ஒரு பக்கம் சாய்ந்தது. புதியது இடுப்பு உயரம், வெள்ளிபோல மின்னும் இரும்புக்கம்பி, மேலே கோபுரம் மாதிரிக் கூம்பு. காலனியே சேர்ந்து வாங்கிய பரிசு. மாலை போட்டு, கற்பூரம் காட்டி, அவர் கையாலேயே கொண்டையனை உள்ளே விடவைத்தார்கள். சந்தனமாரி அன்று நல்ல சேலை உடுத்தியிருந்தாள். முப்பத்துநாலு வயது வரை தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் கல்யாணமும் ஆகாமல் கடைசி வீட்டில் இருந்தவளை அத்தனை பேர் சுற்றி நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை.

புதுக் கம்பிக்கூண்டு என்றால் அதைக் காடி ஊற்றித் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் பறவையை விடவேண்டும். இது அவளுக்குத் தெரியும். அன்று வெயிலும் இல்லை, அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வாயும் வரவில்லை.

தெரிந்த விதம் இது. கொண்டையன் வருவதற்கு முன்பு அவள் நாலு வருஷம் டவுனில் ஒரு பறவைக் கடையில் வேலை பார்த்தாள். கூண்டு கழுவிக் கூட்டுவது, தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது. அங்கே பச்சை நிறத்தில் ஒரு லவ் பேர்ட்ஸ், அவளைப் பார்த்தால் கிட்டே வந்து தலையை ஆட்டித் தீனியைக் கக்கும். என்மேல் உசுரா இருக்கு என்று எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். அது கக்கக் கக்க இவள் கொஞ்சினாள். ஒன்பது நாளில் அது செத்தது, பக்கத்துக் கூண்டுகளும் சேர்ந்து மொத்தம் பதினான்கு பறவை செத்தன. பார்க்க வந்த டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தலைய மேலும் கீழுமா ஆட்டுச்சா, பக்கவாட்டுல உதறுச்சா?" நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கே கடையை விட்டு நின்றாள். கடைக்காரர், கால்விரல் கோணிப்போய் விற்காமல் கிடந்த ஒரு குஞ்சைக் கொடுத்தனுப்பினார், அதுதான் கொண்டையன். அதற்குப் பிறகு அவள் அந்த வித்தியாசத்தை மட்டுமே கவனிக்கிறவளாக ஆகிவிட்டாள். பிரியத்தில் கக்குகிற பறவை கண் மின்ன நிமிர்ந்து நிற்கும், தலையை மேலும் கீழுமாக ஆட்டும், எடுத்ததை ஒரே இடத்தில் பத்திரமாக வைக்கும், வைத்துவிட்டுச் சந்தோஷமாகச் சீட்டியடிக்கும். வாந்தி எடுக்கிற பறவைக்கு யாரும் வேண்டாம். அது தலையைப் பக்கவாட்டில் உதறும், சளியோடு நாலா பக்கமும் சிதறும், தலையிறகு நனைந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு உடம்பைப் பந்தாக உப்பவைத்துக்கொண்டு கண் மூடி உட்காரும்.

பத்தொன்பதாம் நாள் இரண்டு காரியம் நடந்தது. ஓடைக்கரை உடைந்து, அந்தப் பக்கம் இருந்த கீழப்பாத்தி அறுபது வீடும் தண்ணீருக்கு நடுவே நின்றது. மேட்டில் ஏறியவர்கள் மூன்று நாளாக ஒன்றும் சமைக்கவில்லை என்று கரையில் நின்று கத்திச் சொன்னார்கள். தவசிக்கனி இந்தக் கரையிலிருந்து கத்தினார், நாளைக்குக் காலையில் உங்களுக்கும் உண்டு, பாத்திரத்தோடு வாங்க என்று. இரண்டாவது காரியம், அன்று வரிசையின் கடைசியில் அவர் கையை நீட்டியபோது, கொண்டையனின் தலை நாலு தரம் மேலும் கீழுமாக ஆடி, ஐந்தாம் தரம் பக்கவாட்டில் போனது.

சந்தனமாரி பார்த்தாள். பார்த்தோமா என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். மறுபடி மேலும் கீழும்தான் ஆடியது. ஒரு மணி மட்டும் அவருடைய கையில் விழாமல் சட்டையில் ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டையன் தூங்கியது. பறவை பகலில் தூங்கும்தான். ஒற்றைக் காலில் நின்று தூங்கினால் சுகம், இரண்டு காலிலும் நின்று தூங்கினால் சுகமில்லை. அது இரண்டு காலிலும் நின்றது. மழைக்குளிராகவும் இருக்கலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில், வரிசை வருவதற்கு முன்பே, வீட்டுக்குள் மழை பெய்கிற மாதிரிச் சத்தம் கேட்டு எழுந்தாள். கொண்டையன் யாரும் கை நீட்டாமலே கொட்டிக்கொண்டிருந்தது. கம்பும் தினையும் சோளமும் கலந்து சுவரில் அடித்தது, கூரையில் அடித்தது, கூண்டுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. ஞானசுந்தரி வாசலில் வந்து நின்று பார்த்தாள், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஓலைப்பெட்டியில் அள்ளத் தொடங்கினாள். "கீழப்பாத்திக்குன்னு தெரிஞ்சு குடுக்கான் பாரு," என்றாள். வெளியே சொல்லப் போனாள். சிறிது நேரத்தில் காலனி முழுக்க வாசலில் இருந்தது, எல்லார் முகத்திலும் கல்யாணக் களை.

சந்தனமாரி குவியலில் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். புளித்துப்போன மாவின் வாடை. விரலில் நூல் மாதிரிச் சளி இழுத்தது. கூண்டுக்குள் கொண்டையனின் கொண்டை நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது, கன்னத்துப் பொட்டு அழுக்காகியிருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. தலை இடமும் வலமுமாக உதறியது, உதறியது, உதறியது.

அவள் ஒரு போர்வையைக் கூண்டின்மேல் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, நிலையில் இரண்டு கையையும் வைத்து நின்றாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு இல்ல."

தவசிக்கனி சிரித்தார். "இல்லங்கியா? அங்கன மூணு மூட்ட குவிஞ்சு கிடக்கு பிள்ள."

"அது குடுத்தது இல்ல. வாந்தி எடுத்தது."

"ரெண்டும் வாய் வழியாத்தான வருது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

அவள் சொன்னாள். தலை ஆடுகிற விதம், கொண்டை நனைந்தது, வாடை, சளி, தூங்கியது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது சின்னக் காரியமாகத் தெரிந்தது. ஒரு பறவையின் தலை இப்படி ஆடியதா அப்படி ஆடியதா என்பதற்காக அறுபது வீட்டுச் சோற்றைத் தடுக்கிறாள். தவசிக்கனி பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கீழப்பாத்திக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

"சரி, சுகமில்லன்னே வச்சிக்குவோம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடுக்கட்டும். கீழப்பாத்திப் பிள்ளைங்க பசி அடங்கட்டும். நாளையில இருந்து ரெஸ்ட்டு குடுப்போம்."

"நாளைக்கு அது இருக்காது அண்ணாச்சி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு தடவ தெரியாம இருந்தேன்."

கூட்டம் நெருங்கியது. யாரும் தள்ளவில்லை, ஆனால் பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களை அழுத்தியதில் அவளுடைய முதுகு கதவில் பட்டது. வாளிகள் ஒன்றோடொன்று இடித்தன. உள்ளே போர்வைக்குக் கீழே தானியம் விழும் சத்தம் நிற்கவில்லை. அது கேட்கும்வரை யாரும் திரும்பிப் போகமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் தவசிக்கனியை மட்டும் உள்ளே விட்டாள். போர்வையை நீக்கி, "கைய நீட்டுங்க," என்றாள். அவர் நீட்டினார். கொண்டையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலை பக்கவாட்டில் உதற, அவர் கையில் கொஞ்சமும் கன்னத்தில் கொஞ்சமும் வந்து விழுந்தது. அவர் கையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தினைக்கும் சளிக்கும் நடுவே பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

"வெள்ளி," என்று வாசலில் எட்டிப் பார்த்த ஒருத்தி சொன்னாள். "வெள்ளியும் குடுக்கான்." அந்தச் சொல் வரிசையில் கடைசிவரை போய் வந்தது.

சந்தனமாரி அந்தப் பொடியை நகத்தால் தள்ளிப் பார்த்தாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். ஊஞ்சலுக்குப் பக்கத்துக் கம்பிகளில், கொண்டையன் அலகு எட்டும் உயரத்தில், மினுமினுப்பு உரிந்து உள்ளே இருந்த கறுப்பு தெரிந்தது. ஐந்து நாளாகக் கடித்துக் கடித்து உரித்து விழுங்கியிருக்கிறது.

"அண்ணாச்சி," என்றாள். "கூண்டு. இந்தப் பூச்சு பறவைக்கு விஷம். கழுவாம விட்டது என் தப்பு."

அவர் உரிந்த கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். "நான் கொண்டாந்த கூண்டு," என்றார். "அப்ப நாந்தான் கொல்லுதேன்னு சொல்லுத."

"நான் அப்படிச் சொல்லல."

அவர் கன்னத்தில் ஒட்டியதைத் துடைக்காமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனார். அதனால் கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

சந்தனமாரி கொண்டையனைத் துண்டில் சுற்றி ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். தீனிப்பை இருக்கும் இடம் பலூன் மாதிரி வீங்கி, தொட்டால் குளிர்ந்திருந்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஞானசுந்தரி எதிரே நின்றாள். அள்ளிய கம்பில் ஒரு பங்கை அவள் ஏற்கெனவே உலையில் போட்டிருந்தாள்.

"மைனி, அதத் தின்னாதிய. பிள்ளைங்களுக்குக் குடுக்காதிய."

ஞானசுந்தரியின் வீட்டில் மூன்று பிள்ளைகள். அவள் உள்ளே போனாள். சட்டியைத் துணி பிடித்துத் தூக்கிவந்து, கொதிக்கக் கொதிக்கத் தெருவில் கவிழ்த்தாள். வேலியில் உட்கார்ந்திருந்த காகங்கள் இறங்கி வந்தன, சுற்றி நடந்தன, ஒரு மணியைக்கூடக் கொத்தாமல் மறுபடி வேலிக்கே போய்விட்டன. அதைப் பார்த்த பிறகு வாளி வைத்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் மெதுவாகத் தங்கள் வாளியைக் கவிழ்த்தார்கள்.

டவுனுக்குப் போக ஓடைக்கரையைத் தவிர வழி இல்லை. உடைப்பில் யாரோ இரண்டு பனந்தடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்தத் தடிக்கு அந்தப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீர் கடந்து மேட்டிலிருந்து வந்திருந்த கீழப்பாத்திச் சனம் நின்றது. எண்பது பேர் இருக்கும். எல்லார் கையிலும் பாத்திரம். சட்டி, போணி, தூக்குவாளி, பிள்ளை குளிப்பாட்டும் பேசின். அவர்கள் பார்த்ததெல்லாம், சொன்ன நாளில் சொன்ன நேரத்தில், ஒரு பொம்பளை பெட்டிக்குள் பறவையைத் தங்களுக்காகக் கொண்டுவருகிறாள் என்பதுதான். அவள் தடியைக் கடந்து கால் வைத்ததும், வழிவிடுவதற்குப் பதிலாக அவர்கள் சுற்றி நெருங்கினார்கள்.

"இன்னைக்கு இல்ல," என்று சந்தனமாரி சொன்னாள். "சுகமில்ல. டாக்டர்கிட்ட கொண்டுபோறேன்."

யாரும் நகரவில்லை. ஒரு கை பெட்டியின் மூடியைத் தொட்டது. இன்னொரு கை தொட்டது. பின்னால் பனந்தடி, கீழே தண்ணீர் சுழித்து ஓடியது. பெட்டிக்குள் உதறுகிற சத்தம் கேட்டது, மூடி இடுக்கு வழியாகத் தினை தெறித்தது, தெறித்ததைப் பிடிக்க நாலைந்து பாத்திரங்கள் ஒரே நேரத்தில் நீண்டன. அவள் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினாள். கால் வழுக்கியது.

முழங்கையைப் பிடித்து நிறுத்தியவள் அமலோற்பவம் என்று பிறகு தெரிந்தது. இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை, தலையில் கவிழ்த்த வெறும் சட்டி. அவள் பெட்டியை வாங்கவில்லை, மூடியை மட்டும் ஒரு விரலால் திறந்து உள்ளே பார்த்தாள். நனைந்து ஒட்டிய கொண்டையைப் பார்த்தாள். உதறிக்கொண்டே இருந்த தலையைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து?"

"நேத்து ஒரு தடவ. இன்னைக்கு விடிஞ்சதில இருந்து நிக்கல."

"தண்ணி தங்குதா?"

"இல்ல."

அமலோற்பவம் மூடியைச் சாத்தினாள். திரும்பித் தன் சனத்தைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னாள்: "இது வாந்தி. பிள்ள பால் குடிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டே கக்குறதும், வாந்தி எடுத்துத் துவண்டு போறதும் எனக்குத் தெரியாதா. நாலு பெத்தவ. ஒண்ண இப்படித்தான் விட்டேன்." தலையிலிருந்த சட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். "ஏந்துன பாத்திரத்த இறக்குங்க. வழி விடுங்க."

கொஞ்ச நேரம் யாரும் இறக்கவில்லை. அவளுடைய பிள்ளை பசியில் அழத் தொடங்கியது. அவள் அதைத் தட்டிக்கொடுத்தபடி நின்றாள். முதலில் பேசினை வைத்திருந்தவர் இறக்கினார். பிறகு ஒவ்வொன்றாக இறங்கியது. ஒதுங்க இடமில்லாமல் நின்றவர்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்று வழிவிட்டார்கள். இரண்டு பேர் பெட்டியை வாங்காமல், அவளையே ஆளுக்கொரு பக்கம் தாங்கி, வழுக்குகிற இடம் தாண்டும்வரை கொண்டுபோய் விட்டார்கள்.

டவுனில் பறவைக்கு மருந்து பார்க்கிற டாக்டரம்மா வயதில் சின்னவள். கொண்டையனை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். வயிற்றில் கடுகு சிதறினது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. என்ன தின்றது, எவ்வளவு வாந்தி எடுத்தது என்று கேட்டாள். சந்தனமாரி சொன்னாள். டாக்டரம்மா சீட்டில், தின்றது கூண்டுக்கம்பியின் பூச்சு, வெளியே வந்தது சுமார் மூன்று மூட்டை என்று எழுதிக்கொண்டு, ஊசியை எடுத்தாள். காலை ஒன்று, மாலை ஒன்று. உலோகத்தை வெளியே இழுக்கிற மருந்து. குழாய் வழியாகத் துளித்துளியாய் ஆகாரம். பல்பு போட்ட சூடான பெட்டி. "பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. உதறுறது நின்னாச் சொல்றேன்," என்றாள்.

மூன்று நாள் நிற்கவில்லை. சந்தனமாரி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தாள். பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் தலை இடமும் வலமும் போவதை எண்ணுவாள், எண்ணிக்கை குறைந்தால் மூச்சு விடுவாள், கூடினால் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். நாலாம் நாள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. பயந்துபோய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். கொண்டையன் ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது.

இங்கே காலனியில் அந்த நாட்கள் வேறு விதமாகப் போயின. தவசிக்கனி இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு சுத்தியலை எடுத்து, அந்தப் புதுக் கூண்டை வாசலில் வைத்து நெளித்துத் தட்டையாக்கினார். பிறகு பனந்தடியைக் கடந்து கீழப்பாத்திக்குப் போனார். அமலோற்பவம் மேட்டில் ஒதுங்கியிருந்த கொட்டகைக்கு முன்னால் நின்று, தான் சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று அவர் சொன்னார். அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைப் பிழிந்தாள். அன்று இரண்டு காலனிச் சனமும் சேர்ந்து டவுனுக்கு நடந்து, வெள்ள நிவாரணம் கேட்டு ஓர் அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்தது. மழை பிடித்து இருபத்துமூன்று நாளாகிறதே, இத்தனை நாளாக என்ன சாப்பிட்டீர்கள், ஏன் அப்போதே வரவில்லை என்று உள்ளே இருந்த எழுத்தர் கேட்டார். "ஒரு பறவை குடுத்துச்சு," என்று தவசிக்கனி சொன்னார். எழுத்தர் அதை எழுதிக்கொண்டு, இப்போது ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். "நாங்க அதுக்குச் சுகமில்லாம ஆக்கிட்டோம்," என்றார். அதையும் எழுதினார். மறுநாள் சாயங்காலம் லாரியில் அரிசி வந்தது. குண்டு அரிசி, கல் இருந்தது. கரையிலேயே அடுப்புக் கூட்டி இரண்டு காலனிக்கும் ஒரே உலையில் பொங்கினார்கள்.

எட்டாம் நாள், மழை விட்டு வெளிறிய வெயில் அடித்த காலையில், சந்தனமாரி அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தாள். கொண்டையன் இளைத்திருந்தது. கண்ணில் வெளிச்சம் இருந்தது. தெருவில் இரண்டு பக்கமும் சனம் நின்றது, கீழப்பாத்திக்காரர்களும் நின்றார்கள். ஒருவர் கையிலும் பாத்திரம் இல்லை; வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சிலர் பின்னால் கட்டியிருந்தார்கள்.

பழைய மூங்கில் கூண்டை ஞானசுந்தரி தேடி எடுத்துக் கதவைச் சரிசெய்து வைத்திருந்தாள். உள்ளே ஒரு தட்டில் ஊறவைத்த பாசிப்பயறு. கொண்டையனைக் கூண்டின் மேலே உட்காரவைத்தார்கள். அது சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தது. தவசிக்கனி எல்லோருக்கும் பின்னால் நின்றார். கொண்டையன் தானாகவே அந்தப் பக்கம் திரும்பி, கொண்டையை எழுப்பி, அவரைப் பார்த்து ஒரு சீட்டி அடித்தது. ஆட்கள் விலகி அவரை முன்னால் விட்டார்கள்.

"வேண்டாம்," என்றார் அவர்.

"கைய நீட்டுங்க அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி. "தள்ளுனா அதுக்கு வருத்தமா இருக்கும்."

அவர் நீட்டினார். கொண்டையன் அவர் முகத்தைப் பார்த்தது. கழுத்து அசைந்தது. சந்தனமாரி அந்தத் தலை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற அமலோற்பவம் பார்த்தாள், ஞானசுந்தரி பார்த்தாள், இப்போது எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிட்ட அத்தனை பேரும் பார்த்தார்கள். தலை மேலே போனது. கீழே வந்தது. மேலே போனது, கீழே வந்தது. கழுத்து நீண்டு, அலகு திறந்து, அவருடைய உள்ளங்கையின் நடுவில் ஒரு பாசிப்பயறு மணியை வைத்தது.

அது மறுபடியும் தலையாட்டத் தொடங்கியது. தவசிக்கனி இரண்டாவதற்குக் காத்திருக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையை மூடிக்கொண்டார்.

"போதும்யா," என்றார், விருந்துக்குப் போன வீட்டில் மேலும் மேலும் பரிமாறுகிறவரிடம் சொல்வது போல. "வயிறு நெறஞ்சிட்டு."

கொண்டையன் மூடிய கையை ஒரு தடவை மெல்லக் கொத்திப் பார்த்தது. பிறகு திரும்பி, கூண்டுக்குள் இறங்கி, தட்டிலிருந்த பயறைத் தனக்காகத் தின்னத் தொடங்கியது.